வீட்டுப் பட்டறையில் சிறிய லேத்: பராமரிப்பும் மேம்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டின் பின்கட்டிலோ கார் நிறுத்துமிடத்திலோ ஒரு சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்துத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்களும், புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்ப்பவர்களும், காப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளுக்குப் புஷ் (அச்சைத் தாங்கும் உருளை வளையம்) கடைந்து கொடுக்கும் இளைஞர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்களிடம் இருப்பது சீனத்தில் தயாராகிப் பல நிறங்களில், பல பெயர்களில் விற்கப்படும் சிறிய லேத்: 180 மி.மீ. விட்டம் வரை சுழற்றக் கூடியது, கம்பியின் இரு முனைகளையும் தாங்கும் சென்டர்களுக்கு இடையே சுமார் 350 மி.மீ. நீளம், கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் 80 மி.மீ. சக், வேகத்தைத் திருகி மாற்றும் டி.சி. மோட்டார். ஒரு சிலரிடம் மைஃபோர்டு எம்.எல்.7 போன்ற பழைய பிரிட்டிஷ் இயந்திரங்கள் இருக்கின்றன. பதில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"புது மெஷின்தானே அண்ணே, பெட்டியிலிருந்து எடுத்து நேரா ஓட்டலாமா?"

ஓட்டக் கூடாது. இயந்திரத்தின் மேல் அப்பியிருக்கும் பிசுபிசுப்பான பசை, கப்பல் பயணத்தில் துருப் பிடிக்காமல் இருப்பதற்காகப் பூசப்பட்டது. அது மசகு எண்ணெய் அன்று. தொழிற்சாலையில் தேய்த்தபோது மிஞ்சிய துகள்களும் வார்ப்பு மணலும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஓட்டினால் அவை இயந்திரத்தின் நீளமான அடித்தளமான பெட்டுக்கும் அதன் மேல் சறுக்கும் சேடிலுக்கும் இடையில் புகுந்து, புது இயந்திரத்தை முதல் வாரத்திலேயே தேய்க்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் முழுவதையும் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், மூடிய ஷெட்டில் அதன் ஆவி தீப்பற்றும்.

சேடில், அதன் மேல் குறுக்காக நகரும் கிராஸ் சிலைடு, வெட்டும் டூலைத் தாங்கும் டாப் சிலைடு மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புகளில் விரலைக் கீறும் பிசிறுகள் இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு முறை தடவினால் போதும். சறுக்கும் பரப்பில் அரத்தை வைக்காதீர்கள். பிறகு எண்ணெய் இட்டு, மிகக் குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டி, படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சக்கைச் சுழற்றும் பகுதியான ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடக் கூடாது.

"சீவல் கையைக் கிழிக்குது. கையுறை போட்டுக்கிட்டு வேலை செய்யலாமா?"

லேத் சுழலும்போது கையுறை கூடவே கூடாது. சக்கின் பிடி நகமான ஜாவோ கடையும்போது வரும் நீளமான உலோகச் சீவலோ கையுறையின் நுனியைப் பிடித்தால், கையை உருவிக்கொள்ள நேரம் இருக்காது. முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் வேலை முடியும் வரை அதை முழங்கைக்கு மேல் ஏற்றி இறுக்கமாகக் கட்டிக்கொள்ளட்டும். சீவலை அகற்றக் கொக்கி வளைத்த கம்பியையும் பிரஷ்ஷையும் பயன்படுத்துங்கள், அதுவும் இயந்திரம் நின்ற பிறகு. கண்ணாடி கட்டாயம். சிலிப்பர் அணிந்து நிற்காதீர்கள். நீலம் பாய்ந்த சூடான சீவல் விரலிடுக்கில் விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் துள்ளும், துள்ளும் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சக் சாவியிலிருந்து கையை எடுக்கும்போது சாவியும் சக்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"எந்த எண்ணெய் ஊத்தணும்? மோட்டார் சைக்கிள் எண்ணெய் போதுமா?"

பெட், சிலைடுகள், சேடிலை நகர்த்தும் நீளமான திருகான லீட்ஸ்குரூ ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 தரத்திலுள்ள சிலைடுவே எண்ணெய்தான் சரியானது. அது பரப்பில் ஒட்டி நிற்கும். சிலைடு மெதுவாக நகரும்போது ஏற்படும் திக்கித் திக்கி நகர்தலைத் தடுக்கும். அது கிடைக்காவிட்டால் அதே 68 தர ஹைட்ராலிக் எண்ணெய் போதும். டிராக்டர், லாரிகளுக்கு எண்ணெய் விற்கும் கடைகளில் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் எண்ணெயில் அழுக்கையும் ஈரத்தையும் தன்னுள் தாங்கி வைக்கும் சேர்மானம் உண்டு. எஞ்சினில் அந்த அழுக்கை வடிகட்டி எடுத்துவிடும். லேத்தில் வடிகட்டி இல்லை. ஆனாலும் எண்ணெயே இல்லாமல் ஓட்டுவதைவிட எஞ்சின் எண்ணெய் எவ்வளவோ மேல்.

பெட்டின் மீது கிரீஸ் பூசாதீர்கள். சீவல் தூளை அது பிடித்து வைத்துத் தேய்ப்புப் பசையாக மாறிவிடும். சிறிய சீன லேத்தில், சக்கைத் தாங்கிச் சுழலும் அச்சான ஸ்பின்டிலின் பேரிங்குகள் கிரீஸ் அடைத்து வருபவை. அவற்றுக்குத் தினமும் எண்ணெய் தேவையில்லை. மைஃபோர்டு எம்.எல்.7 அப்படியன்று. அதன் ஸ்பின்டில் வெள்ளை உலோக பேரிங்குகளில் சுழல்கிறது, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழ வேண்டும். வி.ஜி. 32 தர எண்ணெயைக் குப்பியில் நிரப்பி, வேலை தொடங்கும்போது சொட்டு விழுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

"நம்ம ஊர்ல செம்பனை எண்ணெய்க்கா பஞ்சம்? அதையே ஊத்தினா என்ன?"

வெட்டும் இடத்தில் ஊற்றலாம். சறுக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது. செம்பனை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் உலோகப் பரப்பில் நன்றாகப் பற்றுவதால், உள்மரைக்கு டேப் போடும்போதும் வெளிமரைக்கு டை வெட்டும்போதும் அது உண்மையிலேயே நல்ல எண்ணெய். ஆனால் காற்றுப் பட்டு நாளாக ஆக அது கெட்டிப்பட்டுப் பிசினாகிவிடும். பெட்டின் மேல் மஞ்சள் படலமாக ஒட்டிய அந்தப் பிசினைச் சுரண்டி எடுப்பது பெரிய தொல்லை. அதோடு எண்ணெய் கெடும்போது பெருகும் அமிலம் பித்தளை நட்டைப் பச்சையாக்கும்.

ஆகவே அதைப் பயன்படுத்திய அன்றே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே சொன்ன 68 எண்ணெயைப் பூசிவிடுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை அறவே தவிர்க்க வேண்டும். அதில் உப்பும் நீரும் இருக்கும். அலுமினியம் கடைய மண்ணெண்ணெய் சில சொட்டுகள் போதும்.

"தினமும் துடைக்கிறேன், ஆனா காலையில பார்த்தா சக் மேல சிவப்பா துரு. எங்கிருந்து வருது?"

பெரும்பாலும் காற்றிலிருந்து வருகிறது. இரவில் வார்ப்பிரும்பு குளிர்ந்துவிடும். காலையில் வெளியே காற்று சூடேறிய பிறகும் அந்தக் கனமான இரும்பு நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். ஈரக்காற்று அதன் மேல் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பனிப் படலமாகப் படியும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். பருத்தித் துணியை லேசாக எண்ணெயில் தோய்த்து மூடுங்கள். கீழே மரப்பெட்டி போல அடைத்து, பாதுகாப்பாகப் பொருத்திய சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் இரும்பு காற்றைவிட ஓரிரு பாகை சூடாகவே இருக்கும், பனி படியாது. வியர்த்த கையால் தொட்ட இடங்களை மறக்காமல் துடையுங்கள்; விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு எழும்புவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பால்மரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை அதே ஷெட்டில் வைத்திருந்தால், மூடி சரியாக இறுகாத கலனிலிருந்து வரும் ஆவியே இரும்பைத் துருப் பிடிக்க வைத்துவிடும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவோ பித்தளைக்கு எதிரி: இழுவிசையில் இருக்கும் பித்தளைப் பாகத்தில் அது நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கிராஸ் சிலைடு நட்டு பித்தளையாக இருந்தால் இது சிறிய விஷயமன்று. இந்த இரண்டும் லேத் இருக்கும் கூரையின் கீழ் இருக்கவே கூடாது. எத்தனை துடைத்தும் துரு நிற்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பக்கத்தில் என்ன கலன் இருக்கிறது என்பதைத்தான்.

வந்துவிட்ட துருவை மண்ணெண்ணெயும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு எடுங்கள். பெட்டின் சறுக்குப் பரப்பில் எமரித் தாள் வேண்டாம்.

"மேசை எப்படி இருக்கணும்? விலை கூடின லெவல் கருவி வாங்கணுமா?"

மேசை கனமாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும். இயந்திரம் அதில் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். செங்கால் போன்ற கெட்டி மரப் பலகையோ இரும்புச் சட்டமோ இரண்டும் பொருந்தும். பலகைத் தரையுள்ள பழைய லய வீடுகளில் நடக்கும்போதே தரை அசையும் என்பதால், சிமெண்டுத் தரையுள்ள பகுதிக்கு மாற்றுங்கள். இயந்திரம் பூமிக்குச் சமமட்டமாக இருப்பது முக்கியமன்று. பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் இருந்தால் வேலை சுலபம். ஆனால் அது இல்லாமலும் சோதிக்கலாம்.

25 மி.மீ. அல்லது அதைவிடத் தடித்த கம்பியைச் சக்கில் பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டுங்கள். மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் வேண்டாம். நடுப்பகுதியைச் சற்று ஆழமாகக் கடைந்து இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மேடாக நிற்கும்படி விடுங்கள். பிறகு கூர்மையான எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூலால், கிராஸ் சிலைடைத் தொடாமல், இரு வளையங்களிலும் ஒரே மெல்லிய வெட்டு எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் இருந்தால் கை வைக்க வேண்டாம். டெயில்ஸ்டாக் பக்க வளையம் பெரிதாக இருந்தால், அந்தப் பக்கத்தில் உங்களை நோக்கியிருக்கும் காலின் கீழ் ஷிம் எனும் மெல்லிய தகட்டுத் துண்டை வைத்து இறுக்கி மறுபடி சோதியுங்கள். சிறிதாக இருந்தால் பின்பக்கக் காலின் கீழ் வையுங்கள். இதை இனி வளையச் சோதனை என்றே குறிப்பிடுகிறேன், பின்னால் பல முறை தேவைப்படும்.

"கைப்பிடியைத் திருப்பினா கால் சுத்து சும்மாவே போகுது. நட்டை மாத்தணுமா?"

இரண்டு வேறு குறைகளைப் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். கைப்பிடி சும்மா சுற்றுவது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வு. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை நெருங்கினால் அது வேலையைக் கெடுக்காது. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னேறுங்கள். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தளர்வு சாதாரணம். கால் சுற்று என்றால் அதிகம். பல சிறிய லேத்துகளில் கிராஸ் சிலைடு நட்டின் மேல் மூன்று திருகுகள் இருக்கும். நடுத் திருகைத் தளர்த்தி ஓரத் திருகால் நட்டைச் சற்றே சாய்த்தால் தளர்வு குறையும்.

வேலையைக் கெடுப்பது கிப்பின் தளர்வு. சிலைடின் ஓரத்தில் செருகியிருக்கும் அந்தத் தட்டைப் பட்டை சரியாக அழுந்தாவிட்டால் சிலைடு பக்கவாட்டில் அசையும். பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, நடுவிலிருந்து ஓரங்களுக்குத் திருகுகளைக் கைப்பிடி கனக்கும் வரை இறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் இம்மியளவு தளர்த்துங்கள். பூட்டு நட்டை முறுக்கும்போது உள்ளிருக்கும் திருகும் கூடவே திரும்பிவிடும். ஆகவே ஆலன் சாவியால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். சேடிலின் அடியிலுள்ள பட்டைகளையும் பாருங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை சேடிலின் மேல் வைத்துக் கையால் தூக்கும்போது முள் 0.03 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அங்கே ஷிம் சரிசெய்ய வேண்டும்.

"கடைஞ்ச பரப்பு வரிவரியா வருது, மெஷினும் அதிருது. பேரிங் போயிடுச்சா?"

பேரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் செலவில்லாத காரணங்களைப் பாருங்கள். முதலில் டூலின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது அதன் உயரம். மெல்லிய இரும்பு அளவுகோலைச் செங்குத்தாகக் கம்பிக்கும் டூல் முனைக்கும் இடையில் லேசாக நெருக்கிப் பிடியுங்கள். அளவுகோல் நேராக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. கம்பியின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. டூல் போஸ்ட்டிலிருந்து டூல் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தையும், சக்கிலிருந்து கம்பி நீட்டியிருக்கும் நீளத்தையும் குறையுங்கள். விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் சென்டர் கொடுங்கள்.

பிறகு வேகம். மைல்ட் ஸ்டீலை எச்.எஸ்.எஸ். டூலால் நிமிடத்திற்கு 25 மீட்டர் என்ற வேகத்தில் வெட்டலாம். அதை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை வரும். 25 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 320. அதிர்வு வந்தால் வேகத்தைக் குறைத்து ஊட்டத்தை (டூல் முன்னேறும் அளவை) சற்றுக் கூட்டுங்கள். பயந்துகொண்டு ஊட்டத்தைக் குறைப்பவர்கள்தான் அதிகம், ஆனால் வெட்டாமல் உரசும் டூலே அதிரும். இவை எல்லாம் சரியாக இருந்தும், முன்பு சொன்ன கிப் சோதனையும் தேறியும் அதிர்வு நிற்காவிட்டால், டயல் கேஜைச் சக்கில் வைத்து மரக்கோலால் ஸ்பின்டிலை நெம்பிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் போய்த் திரும்பினால் அப்போது பேரிங்கைப் பற்றிப் பேசலாம்.

"பார்ட்டிங் டூல் போட்டாலே மாட்டிக்கிது. சின்ன லேத்துல அது முடியாதா?"

முடியும். கம்பியைத் துண்டாக வெட்டியெடுக்கும் இந்த டூலுக்கு, முந்தைய பதிலில் சொன்னவை அத்தனையும் இருமடங்கு கண்டிப்பாகப் பொருந்தும். 2 மி.மீ. அகலத்துக்கு மேற்பட்ட பிளேடு வேண்டாம், சக்குக்கு மிக அருகில் வெட்டுங்கள், சேடிலைப் பூட்டுங்கள், டாப் சிலைடின் கிப்பை அந்த வேலைக்கு மட்டும் இறுக்கிவிடுங்கள். டூல் கம்பிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். எண்ணெயைத் தாராளமாக இடுங்கள், ஊட்டத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுக்காதீர்கள். 20 மி.மீ.க்கு மேற்பட்ட ஸ்டீலாக இருந்தால் இரும்பு ரம்பத்தால் அறுத்துவிட்டு முகத்தைக் கடைவதே விரைவு.

"மூணு ஜா சக் 0.1 மில்லி ஆடுது. புது சக் வாங்கலாமா?"

முதலில் இருப்பதைக் கழற்றிக் கழுவுங்கள். ஜாக்களிலும் அவை செல்லும் பள்ளங்களிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த வரிசையிலேயே மாட்ட வேண்டும். சுருள் பல்லில் ஒரு சிறு சீவல் சிக்கியிருந்தாலே அந்த 0.1 வந்துவிடும். சக்கும் ஸ்பின்டில் முகமும் சேரும் பரப்பைத் துடைத்து, நகத்தால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். சுருளுக்குக் கிரீஸ் வேண்டாம், ஒரு துளி எண்ணெய் போதும்.

கழுவிய பிறகு 0.05 முதல் 0.08 மி.மீ. இருந்தால் அது மூன்று ஜா சக்குக்கு இயல்பானதே. ஒரே பிடியில் எல்லாப் பரப்புகளையும் கடைந்து முடித்தால் அந்த ஆட்டம் வேலையில் தெரியாது. கழற்றி மறுபடி பிடிக்க வேண்டிய வேலைக்கு நான்கு ஜா தனித்தனியாக நகரும் சக்கையும் டயல் கேஜையும் பயன்படுத்திப் பழகுங்கள். பணம் செலவழிப்பதானால் இன்னொரு மூன்று ஜா சக்கைவிட அதற்குச் செலவழிப்பதையே நான் சொல்வேன்.

"முதல்ல எதை அப்கிரேட் பண்ணலாம்? காசு கொஞ்சமாத்தான் இருக்கு."

டயல் கேஜும் அதன் காந்தத் தாங்கியும் இல்லாவிட்டால் அவைதான் முதல் செலவு. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பாகம் எதுவும் ஊகத்தின் பேரில் வாங்கப்படுவதே. அடுத்து, டூலை நொடியில் மாற்றும் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட். உயரத்தை ஒரு திருகால் சரிசெய்ய முடியும் என்பதால், ஷிம் துண்டுகள் தேடும் வேலையே இல்லாமல் போகிறது. வாங்கும்போது டாப் சிலைடின் மேற்பரப்பிலிருந்து சென்டர் வரை உள்ள உயரத்தை அளந்து, உங்கள் டூல் அந்தத் தாங்கியில் சென்டருக்கு இறங்குமா என்று உறுதி செய்யுங்கள்.

டூலில் மாட்டும் வெட்டுமுனையான கார்பைடு இன்செர்ட்டைப் பற்றியும் கூடவே கேட்கிறார்கள். சிறிய லேத்தின் வலிமைக்குக் கூர்மையான எச்.எஸ்.எஸ். டூலே பெரும்பாலான வேலைகளில் நன்றாகப் பொருந்தும். கார்பைடு வேண்டுமானால், அலுமினியத்துக்கென்று பளபளப்பாகத் தீட்டிய சி.சி.ஜி.டி. வகை இன்செர்ட் ஸ்டீலையும் மெல்லிய வெட்டில் அழகாக வெட்டுகிறது. வெல்டிங் செய்த பகுதியைக் கடைவதற்கும் துருவேறிய பழைய அச்சின் மேல்தோலை எடுப்பதற்கும் சாதாரண சி.சி.எம்.டி. இன்செர்ட் சரி.

"டேப்பர் ரோலர் பேரிங் போட்டா மெஷின் கெட்டியாயிடும்னு சொல்றாங்களே?"

உண்மைதான், ஆனால் நெம்பிப் பார்க்கும் சோதனையில் குறை தெரிந்த பிறகே அதில் இறங்குங்கள். இந்த வகைச் சிறிய லேத்தில் பொதுவாக இருப்பது 6206 பால் பேரிங்: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. அதற்கு மாற்றாகப் போடும் 30206 டேப்பர் ரோலரின் அகலம் 17.25 மி.மீ. இரண்டு பேரிங்குகளுக்குமாக 2.5 மி.மீ. கூடுவதால், இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையத்தைக் கடைந்து குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய பேரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே புது ஸ்பேசரைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பின் கடைவதற்கு உங்களிடம் லேத் இருக்காது. 7206 கோணத் தொடர்பு பேரிங் போட்டால் அகலம் அதே 16 மி.மீ.தான், ஸ்பேசர் வேலை மிச்சம்.

டேப்பர் ரோலரின் பெரிய முனைகள் இரு பக்கமும் வெளியே பார்த்திருக்க வேண்டும். சுத்தியலால் ஸ்பின்டிலை அடிக்காமல், நீளமான திருகுக் கம்பியும் வாஷர்களும் கொண்டு இழுத்துப் பொருத்துங்கள். நட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, அரை மணி நேரம் வேகமாக ஓட்டி, நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் இறுக்கம் அதிகம். இந்த பேரிங்குகளுக்கு மூடி கிடையாது என்பதால் சீவல் புகாதபடி முன்பக்கம் மெல்லிய தகட்டு மறைப்பு வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் வளையச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

"உள்ள இருக்கிற பிளாஸ்டிக் கியர் உடைஞ்சிடுச்சு. இரும்பு கியர் போட்டுடலாமா?"

எதனால் உடைந்தது என்பதற்கு முதலில் விடை காணுங்கள். டூல் சிக்கியோ, சேடில் சக்கில் மோதியோ உடைந்திருந்தால், அந்த பிளாஸ்டிக் பல் தன்னை இழந்து மோட்டாரையும் லீட்ஸ்குரூவையும் காப்பாற்றியிருக்கிறது. இரும்பு கியர் போட்டால் அடுத்த மோதலில் வேறொரு பாகம் உடையும், அது விலை கூடியதாகவும் இருக்கும். என் கருத்தில், பிளாஸ்டிக் கியரையே போட்டு இன்னொன்றைக் கையிருப்பில் வைப்பது நல்லது. மோதல் ஏதும் இல்லாமல் தேய்ந்தே உடைந்திருந்தால் மட்டும் உலோக கியருக்கு மாறலாம். சத்தம் கூடும் என்பதையும், கிரீஸ் அவசியம் என்பதையும் எதிர்பாருங்கள்.

"திடீர்னு மோட்டார் நின்னுடுது. சில சமயம் சுத்தவே மாட்டேங்குது."

பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டாரின் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பிறகு ஃபியூஸ், சக் மறைப்பின் சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான். குறைந்த வேகத்தில் கனமான வெட்டு எடுத்தால் டி.சி. மோட்டார் சூடேறித் திணறும். அந்த நேரத்தில் திருகி வேகத்தைக் குறைப்பதைவிட லோ கியருக்கு மாற்றுவதே சரி. சுருட்டி வைத்த நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் இணைத்திருந்தால் அதை மாற்றுங்கள்.

நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. மின்னல் வரும்போது மின்கம்பியில் பாயும் உயர் அழுத்தம் முதலில் பலி வாங்குவது வேகக் கட்டுப்பாட்டுப் போர்டைத்தான். வேலை முடிந்ததும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

"பழைய மைஃபோர்டுக்கு திரீ பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் போடலாமா?"

போடலாம், சத்தமும் அதிர்வும் குறைந்து வேலை மென்மையாகும். வீட்டு ஒற்றை பேஸ் இணைப்பிலிருந்து, மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி. 230 வோல்ட் மூன்று பேஸ் கொடுக்கும் என்பதால், மோட்டாரின் தகட்டில் 230/400 என்று இருக்க வேண்டும், உள் இணைப்பு டெல்டாவில் இருக்க வேண்டும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள். பழைய சுவிட்சை அதன் கட்டுப்பாட்டு முனைகளில் இணையுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் சில நிமிடங்கள் ஆபத்தான அழுத்தம் இருக்கும். எர்த் இணைப்பையும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. பொருத்தத்தையும் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. மைஃபோர்டின் சக் ஸ்பின்டிலில் திருகி மாட்டப்படுவது. வி.எஃப்.டி.யில் பிரேக் நேரத்தை மிகக் குறைவாக வைத்தாலோ, திடீரென எதிர்த்திசையில் ஓட்டினாலோ கனமான சக் தானே கழன்று கீழே வந்துவிடும். நிற்கும் நேரத்தைச் சில வினாடிகளாகவே வையுங்கள். சீனச் சிறிய லேத்தின் சக் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

"ஆலையில இருந்து அங்குல மரை போல்ட் கொண்டு வர்றாங்க. என் லேத் மில்லி மரைதானே வெட்டும்?"

அங்குல மரையும் வெட்டலாம். லீட்ஸ்குரூவின் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால், 63 பல் கியர் ஒன்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 80-ஐ 63-ஆல் வகுத்தால் 1.2698, 1.27 மி.மீ. என்பது அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. இந்த நெருக்கம்தான் கணக்கின் அடிப்படை. பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் வரும் அரை அங்குல விட்வர்த் மரைக்கு அங்குலத்துக்கு 12 மரை. 80 பல் கியர் 63-ஐயும், 63-உடன் ஒரே அச்சிலிருக்கும் 50 பல் கியர் லீட்ஸ்குரூவின் 45-ஐயும் ஓட்டும்படி அமைத்தால், கிடைக்கும் இடைவெளி 2.1164 மி.மீ.; வேண்டியது 2.1167. 25 மி.மீ. நீளத்தில் பிழை 0.003 மி.மீ. மட்டுமே. விட்வர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்குக்கு 60. டூலை அதற்கேற்பத் தீட்ட வேண்டும். அதே அரை அங்குலத்தில் அமெரிக்க யு.என்.சி. மரை 13 என்பதால், கொண்டுவந்த போல்ட்டை மரை கேஜால் சரிபார்த்த பிறகே கடையுங்கள்.

இதில், சேடிலை லீட்ஸ்குரூவுடன் இணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலை வெளியே இழுத்து, மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டித் தொடக்கத்துக்கு வாருங்கள். மோட்டார் சைக்கிளில் அடிக்கடி வரும் 1.25 மி.மீ. மரைக்கும் இதே முறைதான். 1.5-ஐ மீதியில்லாமல் வகுக்கும் 0.5, 0.75, 1.5 ஆகிய இடைவெளிகளுக்கு மட்டும் ஹாஃப் நட்டைத் திறந்து எங்கே வேண்டுமானாலும் மூடலாம்.

"பழைய இரும்புக் கடையில ஒரு பெரிய லேத் கிடக்குது. எடுக்கலாமா?"

பெட்டைப் பாருங்கள், பெயிண்டைப் பார்க்காதீர்கள். சக்குக்கு அருகில்தான் சேடில் அதிகம் ஓடியிருக்கும், அங்கேதான் தேய்வு இருக்கும். சேடிலின் கிப்பைச் சக்குக்கு அருகில் சரியாக இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். பாதியில் இறுகி நின்றுவிட்டால் பெட் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. அதைத் திரும்பத் தேய்த்துச் சரிசெய்வது ஈப்போவிலுள்ள பெரிய பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டிய வேலை. இயந்திரத்தின் விலையைவிட அது கூடலாம். ஸ்பின்டில் ஆட்டத்தை மேலே சொன்னபடி நெம்பிப் பாருங்கள். மரை வெட்டும் கியர்கள் முழுத் தொகுதியாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். குட்டையான புஷ் வேலைகளே உங்களுக்கு அதிகம் என்றால், சிறிதளவு தேய்ந்த பெட் பெரிய குறையன்று.

"எல்லாம் செஞ்சாச்சு. சக்கில மட்டும் பிடிச்சா நேரா வருது, டெயில்ஸ்டாக் கொடுத்தா டேப்பர் வருது. ஏன்?"

வளையச் சோதனை தேறிவிட்டதால் பெட்டும் ஹெட்ஸ்டாக்கும் சரி. டெயில்ஸ்டாக் சென்டர் விலகியிருக்கிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெட்டின் முறுக்கை டெயில்ஸ்டாக்கை நகர்த்தி ஈடுகட்டினால், கம்பியின் நீளம் மாறும் ஒவ்வொரு முறையும் டேப்பர் (ஒரு முனை தடித்து மறுமுனை மெலிதல்) வேறாக வரும். இரு சென்டர்களுக்கிடையே நீளமான கம்பியைப் பிடித்து மெல்லிய வெட்டு எடுத்து இரு முனைகளையும் அளந்து பாருங்கள். டெயில்ஸ்டாக் பக்கம் பெரிதாக இருந்தால், வித்தியாசத்தில் பாதியளவு அதன் மேற்பகுதியை உங்களை நோக்கி நகர்த்த வேண்டும். நகர்வை டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். கண் மதிப்பில் செய்தால் நாள் முழுவதும் போகும்.

உயரத்திலும் விலகல் இருக்கலாம். அது டேப்பரை அதிகம் உண்டாக்காது, ஆனால் துளையிடும்போது டிரில் முனை அலையும். அதைக் காண டயல் கேஜைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக்கில் முன்னும் பின்னும் நகரும் குழலான குயிலின் உள்துளையைச் சுற்றிக் கையால் மெதுவாகத் திருப்பி, மேலும் கீழும் உள்ள அளவைக் குறியுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் விலகல். கேஜின் தண்டு நீளமாக இருந்தால் அதன் எடையே தண்டை வளைத்துப் பொய் அளவைக் காட்டும், ஆகவே குட்டையாகவும் கெட்டியாகவும் பிடியுங்கள். தாழ்ந்திருந்தால் அடித்தட்டுக்கும் மேற்பகுதிக்கும் இடையில் ஷிம் வையுங்கள். அளவுகள் எல்லாவற்றையும் டெயில்ஸ்டாக்கைப் பூட்டிய நிலையில், குயிலையும் பூட்டிய பிறகே எடுங்கள். பூட்டும்போதே அது சில நூறில் ஒரு பங்கு மி.மீ. நகரும், நீங்கள் கடையும்போது அது நிற்கப்போவதும் அந்தப் பூட்டிய நிலையில்தான்.